மார்ட்டினி கிளாஸில் ரசம்: பில்லுக்கு நீங்க ரெடியா?

சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் இருக்கிற ‘ஆவர்தனா’வில் ரசத்தை மார்ட்டினி கிளாஸில் கொடுப்பாங்க. திருப்பூரில் மெர்ச்சண்டைசரா இருக்கிற உங்களுக்கும் ஜோடியா போய்ப் பார்க்க ஆசை வரலாம். தப்பே இல்லை. கணக்குப் போட்டுட்டுப் போங்க.

நம்ம ஊர் சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5%. ஒரு நாள் அறை வாடகை ரூ.7,500-ஐத் தாண்டுற பெரிய ஓட்டலில் 18%. உதாரணத்துக்கு, ரூ.10,000-க்குச் சாப்பிட்டா வரி மட்டும் ரூ.1,800. சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தா எடுக்கச் சொல்லுங்க. அது கட்டாயமில்லைன்னு 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லியாச்சு.

ரயில் டிக்கெட்டும் சேர்த்து ரூ.14,000-ன்னு வைங்க. மாசம் ரூ.1,200 ஆர்டி போட்டா, 12 மாசத்தில் ரூ.14,400-க்கு மேல கையில இருக்கும். கிரெடிட் கார்டு இஎம்ஐயில் போனீங்கன்னா, ரசம் ஒரே மடக்கு. தவணை ஒரு வருஷம்!