தங்கம் உண்டு, தேசிய கீதம் கிடையாது!

போட்டியில் ஜெயிச்சாச்சு, கழுத்தில் தங்கமும் ஏறியாச்சு. மேடையில் போடப் பாட்டு இல்லை என்றால்? 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குக் கிளம்பிய ரஷ்ய வீரர்களுக்கு இந்தக் கதிதான் ஏற்பட்டது.

ஊக்க மருந்து விவகாரத்தில் சோதனைக்கூடத் தகவல்களையே திருத்திவிட்டதாக ரஷ்யா மீது புகார். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2020 டிசம்பரில் இரண்டு வருஷத் தடை போட்டது. நாட்டின் பெயர், கொடி, கீதம் மூன்றும் போச்சு!

"அப்படியானால் 'கத்யூஷா'வைப் போடுங்கள்" என்றார்கள் ரஷ்யர்கள். 1938-ல் பிறந்த பாட்டு. எல்லையில் காவல் நிற்கும் காதலனை எண்ணி ஒரு பெண் உருகுகிறாள், அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது உலகப் போரில் ராக்கெட் பீரங்கிக்கே இந்தப் பேர்தான்! காதல் பாட்டு என்ற பேச்சு எடுபடுமா? நடுவர் மன்றம் மறுத்துவிட்டது.

கடைசியில் சிக்கியது சைகோவ்ஸ்கியின் முதலாவது பியானோ கான்செர்ட்டோ. 1875-ல் அரங்கேறிய இசை, வார்த்தையே கிடையாது. ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. சைகோவ்ஸ்கி அசல் ரஷ்யர் என்பது வேறு விஷயம்!

டோக்கியோவில் 20 தங்கம்; 20 தடவையும் அதே பியானோ. மருந்துப் பக்கமே போகாத வீரரும் அதைக் கேட்டபடிதான் மேடையில் நின்றார். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிலும் அதே பாட்டுத்தான்.