இடம் கிடைத்தது, அமர விட்டார்களா?

சூன் மாதம் பிறந்துவிட்டால் வடசென்னையின் பங்குமனை வாசல்களில் செருப்புகள் பெருகிவிடும். திருமுழுக்குச் சான்றிதழின் நகல் வேண்டுவோர், உதவித்தொகை விண்ணப்பத்தில் கையொப்பம் வேண்டுவோர், புதிய பேனாவை மந்திரித்துத் தருமாறு கேட்போர் எனப் பலரும் வருவர். காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குச் செல்பவர், துறைமுகத்திற்கு லாரி ஓட்டுபவர், மணலித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராய் இருப்பவர், எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடித்து விற்கும் தாய் ஆகிய இவர்கள் எல்லாருடைய முகங்களிலும் அந்நாட்களில் ஒரே ஒளி. “ஃபாதர், பொண்ணுக்குக் காலேஜ்ல எடம் கெடச்சிடுச்சு” என்று சொல்லும்போது அவர்களது குரல் சற்றே உயர்ந்து ஒலிப்பதை நாம் ஆண்டுதோறும் கேட்டு மகிழ்கிறோம். பல குடும்பங்களில் கல்லூரிப் படியை மிதிக்கும் முதல் தலைமுறை இதுவே.

‘இடம்’ என்னும் சொல் தமிழில் பொருள் நிறைந்தது. சேர்க்கைப் பட்டியலில் பெயர் வருவதும் இடம். வகுப்பு பெஞ்சில், உணவுக் கூடத்தில், விடுதி அறையில் ஒருவர் நகர்ந்து கொடுப்பதும் இடமே. முன்னதை அரசு தரலாம், நீதிமன்றம் தரலாம். பின்னதை உடன்பயிலும் மாணவரும் கற்பிக்கும் ஆசிரியருமே தர வேண்டும். இந்த இரண்டாவது இடம் கிடைக்காமையால் தீபாவளி விடுமுறைக்குள்ளேயே புத்தகத்தை மூடி வைத்துவிடும் பிள்ளைகள் நம் பகுதியில் உளர். “எந்த ஏரியா?” என்ற முதற் கேள்விக்குக் காசிமேடு என்றோ எண்ணூர் என்றோ விடை சொன்னதும், எதிரில் இருப்பவர் முகத்தில் தோன்றும் சிறு மாற்றத்தை அவர்கள் நன்கு அறிவர். மீன் வாடையைப் பற்றிய கேலி, பேச்சு வழக்கைப் பற்றிய கேலி, திரைப்படங்கள் நமக்குச் சூட்டிய ‘ரவுடி ஏரியா’ என்ற பட்டம் யாவும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நாமறிந்த மாணவி ஒருத்தி மூன்று ஆண்டுகளும் புரசைவாக்கத்திலுள்ள அத்தை வீட்டு முகவரியையே சொல்லிப் படித்து முடித்தாள். ஊர்க் கேள்விக்குப் பின்னே வருவது சாதிக் கேள்வி. அது பெரும்பாலும் நேராக வருவதில்லை. அப்பா செய்யும் தொழில், பெறும் உதவித்தொகை, ஊரில் வீடிருக்கும் தெரு என்று சுற்றி வளைத்து வரும்.

முதல் வகை இடமும் நம்மவர்க்கு எளிதில் வந்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. நெடுங்காலம் அதன் பட்டங்கள் மிகச் சிலருடைய வீடுகளுக்கே சென்றன. அதனைச் சரிசெய்யவே வகுப்புவாரி ஆணை பிறந்தது. விடுதலைக்குப் பின்னும் நடப்பில் இருந்த அவ்வாணைப்படி, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனர் என அன்று குறிக்கப்பட்டோருக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியரையும் இந்தியக் கிறிஸ்தவரையும் சேர்த்து 1 என ஒதுக்கப்பட்டன. சண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மாகாணம் கொந்தளித்தது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. இடஒதுக்கீட்டால் தகுதி கெட்டுவிட்டது என்று நம் இல்லத் திருமண விருந்துகளிலும் சிலர் பேசக் கேட்கிறோம். தம் பாட்டனார் அந்தப் பதினான்கில் ஒன்றைப் பிடித்துத்தான் உள்ளே நுழைந்தாரோ என்பதை அவர்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

உள்ளே நுழைந்தபின் நடப்பது என்ன? தொலைவில் தேட வேண்டுவதில்லை. ராயபுரத்திலிருந்து பேருந்தில் ஏறினால் பாரிமுனை. அங்கே உயர் நீதிமன்றத்தை ஒட்டி நிற்கும் செங்கற் கட்டடத்தில், 1891இல் தொடங்கப்பட்ட சட்டக் கல்லூரி பல்லாண்டுகள் நடைபெற்றது. நாளடைவில் அது டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 2008ஆம் ஆண்டு, முத்துராமலிங்கத் தேவர் விழாவையொட்டி மாணவருள் ஒரு சாரார் அச்சிட்ட விளம்பரத்தில், கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடுபட்டிருந்தது. மறதியால் விடுபட்டதென்று எவரும் நம்பவில்லை. பல நாள் புகைந்த பகை நவம்பர் 12 அன்று, தேர்வு நேரத்தில், தீயாய் மூண்டது. கத்தியும் கம்பும் கம்பியும் கல்லூரிக்குள் வந்தன. இரு சாராரும் காயமுற்றனர். தரையில் விழுந்து அசைவற்றுக் கிடந்தவனையும் சுற்றி நின்று அடித்த காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு நாடே திகைத்தது. நாளை நீதிமன்றத்தில் நின்று அடிபட்டவனுக்காக வாதாட வேண்டிய கைகள் அவை!

அக்காட்சியில் நம் நெஞ்சை மேலும் உறுத்தியது மற்றொன்று. வாயிலருகே காவலர்கள் நின்றுகொண்டிருந்தனர். கல்லூரி முதல்வர் அழைக்காமல் உள்ளே செல்ல இயலாது என்பது அவர்கள் தரப்பில் கூறப்பட்ட விளக்கம். பின்னர் முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி ப. சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. எனினும் அவ்விளம்பரம் ஒட்டப்பட்ட நாளுக்கும் கம்பிகள் ஓங்கிய நாளுக்கும் இடையே, ஓர் ஆசிரியரேனும் இரு சாராரையும் ஒரு மேசையில் அமர்த்திப் பேச வைத்திருந்தால் என்ற எண்ணம் இன்றளவும் நம்மை விட்டு அகலவில்லை.

ஒரு பெயர் விடுபட்டதற்கா இத்தனை என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு அதே வளாகத்தின் பழங்கதை ஒன்றைச் சொல்லலாம். முன்னாளில் ஆங்கிலேயரின் இடுகாடாயிருந்த அந்நிலத்தில், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் தம் சிறு மகனை அடக்கம் செய்தார். அவர் காலத்தில் இக்கடற்கரையிலிருந்து ஏழை மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். பின்னாளில் அவர் அனுப்பிய நன்கொடைக்கு நன்றியாக, அமெரிக்காவில் ஒரு கல்லூரி 1718இல் அவர் பெயரைப் பூண்டது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக அப்பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கல்விக்கூடத்தின் நெற்றியில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதில், அங்கே யார் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்ற செய்தியும் இருக்கிறது. அம்பேத்கர் என்ற பெயரைக் கண்டு நெஞ்சு நிமிர்த்தி உள்ளே நுழைந்த மாணவனுக்கு, அப்பெயர் அழிக்கப்பட்டது தன்னையே வெளியே தள்ளியதாகத்தான் தோன்றும்.

இறுதியில் கண்ட தீர்வு யாது? ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மாணவர்கள் எதிர்த்துப் போராடியும், 2018இல் ஒன்று திருவள்ளூர் மாவட்டம் பட்டறைபெரும்புதூருக்கும், மற்றொன்று புதுப்பாக்கத்திற்கும் சென்றன. பழைய கட்டடம் உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிர்வாகத்தின் இக்கட்டை நாம் உணராமலில்லை. ஆயினும் சண்டையிட்டவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டனர். நீதிமன்ற வாசலிலேயே சட்டம் பயின்று, மாலையில் வேலைக்கும் செல்ல முடிந்த வடசென்னைப் பிள்ளைகளல்லவா தண்டனை பெற்றவர்கள்? தீண்டாமைக்கு மருந்தாகத் தொலைவைத் தருவது புதிய வழக்கமன்று. நம் ஊர்களில் சேரியைத் தள்ளி வைத்ததும் அவ்வழியேதான்.

கம்பி ஓங்காத இடங்களிலும் இவ்விலக்கல் நிகழ்கிறது. தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை அளித்தது. விடுதியில் பிறரால் தொல்லைக்குள்ளாகி, அம்மாணவர்கள் அறை மாறி அறை மாறிக் கடைசியில் மேல்மாடிகளில் ஒன்றாய் ஒதுங்க நேர்ந்ததை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. வருங்கால மருத்துவர்களின் விடுதிக்குள்ளேயே ஒரு சேரி! பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிகள், விடுதியிலும் உணவுக் கூடத்திலும் விளையாட்டிலும் மாணவரைப் பிரித்து வைப்பதைக் குற்றமென்றன. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென ஓர் அலுவலரை அமர்த்த வேண்டுமென்றன. நான்கு ஆண்டுகள் கழிந்து, 2016 சனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா உயிர் நீத்தார். விடுதியிலிருந்து விலக்கப்பட்டு, வளாகத்தில் திறந்தவெளியில் தங்கியிருந்த நாட்களில் நேர்ந்த முடிவு அது.

வாசகர்களுள் சிலர், இவையெல்லாம் அரசுக் கல்லூரிக் கதைகள், நம் கத்தோலிக்க இல்லங்களுக்கு இவற்றோடு என்ன உறவு என எண்ணக்கூடும். சட்டக் கல்லூரியில் கம்பி ஓங்கிய அதே 2008ஆம் ஆண்டில், எட்டு மாதங்களுக்கு முன்பு, மார்ச் 9 அன்று, அந்நாளைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் நடந்தது நினைவிருக்கிறதா? திருப்பலியில் தனி இடம், சவ ஊர்வலத்திற்குத் தனி வழி, தனிக் கல்லறை என்ற நிலையை ஏற்க மறுத்துத் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டனர். அதை எதிர்த்து மூண்ட கலவரத்தில் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். தாக்கியோர் கிறிஸ்தவர், தாக்கப்பட்டோர் கிறிஸ்தவர், மாண்டோரும் கிறிஸ்தவர். எல்லாரும் ஒரே மாதாவின் செபமாலையை உருட்டியவர்கள்.

பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கை காட்டி, கந்தை உடுத்தியவனை அங்கே நில் என்றோ காலடியில் உட்கார் என்றோ சொல்லும் சபையை யாகப்பர் தம் திருமுகத்தில் கடிந்து கொள்கிறார். அவர் பேசுவதும் இடத்தைப் பற்றித்தான். தமிழக ஆயர்கள் 1990இலேயே தலித் கிறிஸ்தவர்க்கெனப் பத்து அம்சத் திட்டம் வகுத்தனர். 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவரிடையே காணும் எவ்விதச் சாதிப் பாகுபாடும் மெய்யான மனித உறவுக்கு எதிரான அடையாளம் என்று உரைத்தார். இந்திய ஆயர் பேரவையும் 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஏடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் கல்லூரித் தோழனை மகன் வீட்டிற்கு அழைத்து வரும்போது, அவன் சென்றபின் “அவங்க என்ன ஆளுங்க?” என்று தாய் கேட்கிறாளே, அந்தக் கேள்விக்கு எந்த ஏடும் எட்டுவதில்லை. பையன் அதைக் கேட்டு வளர்கிறான். பின்பு விடுதி அறையில் அதையே வேறு சொற்களில் கேட்கிறான்.

நம் தலித் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கோ இடர் இரட்டிப்பு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களையே பட்டியல் சாதியினராக ஏற்றது, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது, கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழகத்தில் இவர்கள் பிற்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஆகவே, பட்டியல் இவனைத் தலித் அல்லன் என்கிறது. பக்கத்துப் பெஞ்சோ இவனைத் தலித்தாகவே நடத்துகிறது. ஆயினும் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவ மாணவர்க்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. தொழிற்கல்வி பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. உரிய சான்றிதழ்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் காலத்தோடு பெறாமையால் இவற்றை இழப்போர் பலர். பெற்றோர் மே மாதத்திலேயே இதைக் கவனிப்பது நலம்.

நமது பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞரும் சேர்ந்து ஒரு சிறு முயற்சி செய்து வருகின்றனர். புதிதாகக் கல்லூரி செல்லும் ஒவ்வொருவருக்கும், முன்பே படித்து முடித்த அண்ணனோ அக்காவோ ஒருவர் முதல் இரண்டு வாரம் துணை போகிறார். யார் யாருக்குத் துணை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். தெருப் பார்த்துச் சேர்ப்பதில்லை. இதற்கு முதலாண்டில் இரண்டு குடும்பங்கள் முகம் சுளித்தன. அவற்றுள் ஒன்று இன்னும் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, திருப்பலிக்குப் பின், பிள்ளைகள் கூடித் தமக்கு நேர்ந்ததைச் சொல்கின்றனர். கேலியென்று தள்ளக் கூடியது எது, எழுத்தில் புகார் தர வேண்டியது எது, அதை யாரிடம் தருவது என்று வழக்கறிஞர் ஒருவர் விளக்குகிறார்.

இவ்வாண்டு பதினொரு பேர் சேர்ந்துள்ளனர். காசிமேட்டுப் பையன் ஒருவனுக்குப் பட்டறைபெரும்புதூர் சட்டக் கல்லூரியில் இடம். விடியலில் கிளம்பி, திருவள்ளூருக்கு மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. அவன் சீட்டில் வந்தது, துறைமுகத்தில் கணக்கு எழுதும் பட்டதாரி அண்ணன் ஒருவர் பெயர். இரண்டு வாரம் விடுப்புக் கிடைக்குமா என்று மேலாளரிடம் அவர் கேட்டிருக்கிறார். பத்து நாள் கிடைத்திருக்கிறது.