சதுப்பு வீண் நிலமா?

செம்பனைத் தோட்டத்துப் பள்ளங்களில் உள்ள சதுப்பைப் பார்த்து, "மண் போட்டு மேடாக்கினால் நாலு கன்று நடலாமே" என்கிறோம்.

பெருமழையின் நீரைத் தாங்கி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுவது அச்சதுப்புதான். அதனால் லயத்தில் வெள்ளம் குறைகிறது. வெயில் காலத்திலும் ஓடை ஓடுகிறது. விராலும் கெளுத்தியும் அங்கேதான் பெருகுகின்றன.

மழையில் கரையும் உரத்தையும் மண்ணையும் அங்குள்ள கோரைப்புல் பிடித்து வைக்கிறது. லிங்கி ஆற்றோரத் தோட்டங்களில் இது மிக முக்கியம். சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரங்களுக்குக் குடிநீர் தருவது அந்த ஆறு.

நம் மாநிலத்தை அடுத்த பகாங்கில் உள்ள தாசேக் பெரா, 1994இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மலேசியாவில் முதலிடம் அதற்கே. நம் சிறு சதுப்புகளுக்கோ நாமே காவல். குப்பையையும் பூச்சிமருந்து டின்களையும் அங்கே கொட்டாதிருப்போம்.