ஐயமும் துணிபும்: கருப்பைவாய்ச் சோதனையின் முடிவை அறியுமாறு

ஐயம், திரிபு, துணிபு என்னும் சொற்களை நாம் தமிழ் வகுப்பில் அடிக்கடி கேட்கின்றோம். மாலை மங்கலிற் கிடப்பது கயிறோ பாம்போ என மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே கொள்வது திரிபு. விளக்கைக் கொணர்ந்து உள்ளதை உள்ளவாறு காண்பது துணிபு. இம்மூன்றன் வேற்றுமையை அறியாமையால் உயிருக்கே ஏதம் விளையும் இடம் ஒன்றுண்டு. பெண்மக்களுக்குச் செய்யப்படும் கருப்பைவாய்ச் சோதனையின் முடிவுத்தாளே அது. 'இயல்பு மாறியுள்ளது' என்று அத்தாளிற் கண்டவுடன், புற்றுநோய் வந்துவிட்டதென இடிந்துபோவாரும் உளர். வலியொன்றும் இல்லையே என அதனை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாரும் உளர். இரு திறத்தாரும் திரிபுணர்ச்சியுடையாரே.

இத்தகைய பொருளைக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். கூச்சத்தால் வாய்மூடி யிருப்பதனாலேயே நம் அன்னையரும் தமக்கையரும் காலந் தாழ்த்து மருத்துவரை அடைகின்றனர். ஆதலின் எழுதுதல் தகும் என்றே துணிந்தோம்.

கருப்பையின் அடிப்பாகம் குறுகி யோனியினுள் திறக்குமிடம் கருப்பைவாய் எனப்படும். இருவகை உயிரணுக்கள் அங்கே சந்திக்கின்றன. அவ்வெல்லைப் புறத்தேதான் இந்நோய் பெரும்பாலும் தோன்றுகின்றது. இதற்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா என்னும் வைரஸ். ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌஸன் 1983-ஆம் ஆண்டில் அதன் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18-ஆம் வகையையும் இப்புற்றினுட் கண்டறிந்தார். 2008-இல் நோபெல் பரிசும் பெற்றார். நூற்றுக்கு ஏறக்குறைய 70 கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு இவ்விரு வகைகளே காரணமாம்.

இவ்வைரஸ் மிகப் பொதுவானது. பெரும்பாலோர் உடலில் ஈராண்டிற்குள் அது தானே அகன்றுவிடும். சிலரிடத்து மட்டும் நிலைத்துநின்று உயிரணுக்களைத் திரிக்கும். அங்ஙனம் திரிந்தவை புற்றாக முதிர்தற்குப் பொதுவாக 15 அல்லது 20 ஆண்டுகள் செல்லும். அந்நீண்ட இடைக்காலமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. முளையிலே கிள்ளுதற்கு இதனினும் நெடிய தவணை வேறெந்நோயில் எளிதிற் கிடைக்கும்?

சோதனை மூவகைப்படும். ஒன்று, கருப்பைவாயினின்று உயிரணுக்களை மெல்லத் தடவியெடுத்துப் பூதக்கண்ணாடியிற் பார்ப்பது. கிரேக்க நாட்டிற் பிறந்து நியூயார்க்கில் உழைத்த ஜார்ஜ் பாப்பனிக்கொலா இதனை 1928-இல் வெளியிட்டார். அவர் பெயராலேயே இது 'பாப்' சோதனை எனப்படுகின்றது. மற்றொன்று, வைரஸ் உளதோ இலதோ எனக் காண்பது. மூன்றாவது, நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடம் உண்டோ எனக் கண்ணாற் பார்ப்பது.

நிற்க. முடிவுத்தாளில் வரும் சொற்களின் பொருளை இனி நோக்குவோம். 'மாதிரி போதாது' என்பது நோயன்று. மீண்டும் எடுக்கவேண்டும் என்பதே. 'வைரஸ் உண்டு' என்பது புற்று உண்டு என்பதாகாது. 'உறுதி கூறவியலாத மாறுதல்' என்பது பெயரளவிலேயே ஐயத்தைக் காட்டும். 'தாழ்நிலை மாறுதல்' பெரும்பாலும் தானே மறைவது. அதனைக் கவனித்துவருதல் போதும் என மருத்துவர் கூறக்கூடும். 'உயர்நிலை மாறுதல்' என்பதும் பெரும்பாலும் புற்றன்று, ஆயினும் வாளா விடின் புற்றாகத் தக்கது, தாமதம் கூடாது.

ஐயத்தைத் துணிபாக்கும் விளக்கு ஒன்றுண்டு. கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்குங் கருவியால் கருப்பைவாயை நோக்கி, வேண்டுமாயின் சிறு துணுக்கைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பர். சிகிச்சை வேண்டுமெனில், கெட்ட பகுதியைக் குளிராலோ சூட்டாலோ அழிப்பர்; அல்லது மின்வளையத்தால் அரிந்தெடுப்பர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். கருப்பையை எடுக்கவேண்டுமென்பது பொதுவிதியன்று. பின்னரும் குறித்த காலத்திற் சோதித்துவரல் இன்றியமையாதது.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, அம்பிளிக்கைக் கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவ நிலையத்தாரும் பிற ஆய்வாளரும் கூடி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்டிர் 31,343 பேரை அமிலச் சோதனை செய்தனர். பயிற்சி பெற்ற செவிலியரே சோதித்தனர். மாறுதல் காணப்பட்டோர் 3,088 பேர். அதாவது நூற்றுக்குப் பதின்மர். புற்றுக்கு முந்திய நிலை எனத் துணியப்பட்டோர் 1,874 பேர். 2006 வரை கணக்கிட்டபோது, சோதனை நிகழ்ந்த ஊர்களில் இந்நோயால் மாண்டோர் விகிதம், சோதனையில்லா ஊர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 35 விழுக்காடு குறைந்திருந்தது!

ஆயினும், அந்த 1,874 பேரில் சிகிச்சை பெற்றோர் நூற்றுக்கு 72 பேரே. ஐயம் துணிபான பின்னரும் எஞ்சியோர்க்குச் சிகிச்சை சேரவில்லை. இவ்விடைவெளியே நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. சோதனை உயிரைக் காப்பதன்று. சோதனைக்குப்பின் எடுத்துவைக்கும் அடியே காப்பது.

அவ்வடியைத் தடுப்பன அச்சமும் பழிச்சொல்லுமாம். வைரஸ் பல்லாண்டு உடலில் அடங்கிக் கிடக்கும். எப்பொழுது வந்ததென ஒருவராலும் கூறவியலாது. ஆதலின் முடிவுத்தாளை வைத்து ஒருத்தியின் ஒழுக்கத்தை அளப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கூறிய நெறிப்படி, பொதுவாகப் பெண்டிர் 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வைரஸ் சோதனை செய்துகொள்ளல் நன்று. மாதவிடாய் நின்றபின்னரோ கூட்டுறவின் பின்னரோ உதிரங் காணின், தவணையை எதிர்நோக்காது உடனே மருத்துவரை அடைதல் வேண்டும்.

விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ அன்பர்களே! நம் இல்லத்துப் பெட்டியினுள் அத்தகைய தாளொன்று மடிந்து கிடக்கலாம். அதனை விரித்துப் படித்துப் பொருள் கூறுவோம். மருத்துவமனைக்கு உடன் செல்வோம். நாம் கற்ற கல்வி நம்மைப் பெற்றவர்க்கு ஒரு விளக்காயிற்றெனின், அதனினும் சிறந்த பயன் வேறுண்டோ?