கௌரியம்மா – டி. வி. தாமஸ் பிரிவு

கே. ஆர். கௌரியம்மா (1919–2021), டி. வி. தாமஸ் இருவரும் கேரளப் பொதுவுடைமைத் தலைவர்கள். இயக்கப் பணியில் அரும்பிய காதல், இருவரும் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் அமைச்சரான 1957 ஆம் ஆண்டிலேயே திருமணத்தில் முடிந்தது. கௌரியம்மா வருவாய்த்துறையையும் தாமஸ் தொழிலாளர் துறையையும் கவனித்தனர்.

1964 இல் காங்கிரஸ், சீனா பற்றிய கருத்து வேறுபாடுகள் முற்றி, இந்தியப் பொதுவுடைமைக் கட்சி பிளவுபட்டது. தாமஸ் பழைய கட்சியிலேயே நீடித்தார். கௌரியம்மா மார்க்சிஸ்ட் கட்சிக்குச் சென்றார். கட்சியின் பிளவு வீட்டிற்குள்ளும் நுழைந்தது. 1967 இல் இரு கட்சிகளும் கூட்டணி ஆட்சி அமைத்தபோது, இருவரும் மீண்டும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர். ஆயினும் மணவாழ்க்கை நிலைக்கவில்லை, பிரிந்தே வாழ்ந்தனர்.

தாமஸ் 1977 இல் காலமானார். எந்தக் கட்சிக்காகக் கௌரியம்மா இல்லறத்தை இழந்தாரோ, அந்தக் கட்சியே 1994 இல் அவரை நீக்கியது.