ஈரம் புகாத ஓரங்கள்: சிலிகான் பூசும் முறை



வீட்டுப் பழுதுக்கு உதவி கேட்டு நமது டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களில், சுவர் ஊறிவிட்டது என்ற முறையீட்டை அடிக்கடி பார்க்கிறோம். நேரில் போய்ப் பார்த்தால், பல வீடுகளில் காரணம் மழை அல்ல. வாஷ்பேசினும் சுவரும் சேரும் இடத்திலோ, அடுப்படி சிங்க் ஓரத்திலோ ஒரு சிறு இடைவெளி இருக்கும். நெல்பேட்டை, காஜிமார் தெரு போன்ற பகுதிகளில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால், நம் வீட்டுக் கசிவு அண்டை வீட்டாரின் சுவரையும் கெடுக்கும். அவர்கள் வந்து சொல்லும்வரை காத்திருக்கலாகாது.

இந்த இடைவெளியில் வழக்கமாக வெள்ளைச் சிமெண்ட் வைப்பார்கள். அது வளைந்து கொடுக்காது. பேசின் சற்று அசைந்தாலும் விரிசல் விடும். சிலிகான் ரப்பர் போல் இழுபட்டுக் கொடுக்கும். ஆனால் மேடும் பள்ளமுமாகப் பூசினால், தண்ணீரும் அழுக்கும் தங்கிக் கறுப்புப் பூசணம் பிடிக்கும். ஆகவே வழவழப்பு அழகுக்காக மட்டுமல்ல.

வாங்கும்போது கவனிக்க: வினிகர் வாடை வரும் சிலிகானில் அமிலம் உண்டு. கடப்பாக் கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கற்கள். எலுமிச்சைச் சாறு பட்டால் கறைபடுவது போலவே இதனாலும் கெடும். அவற்றுக்கு ‘நியூட்ரல்’ வகை கேளுங்கள். சிலிகான் மேல் பெயிண்ட் ஒட்டாது. நிறத்தையும் பார்த்தே வாங்குங்கள்.

செய்முறை:

1. பழைய சிமெண்டையும் சிலிகானையும் பிளேடால் சுரண்டி எடுங்கள். சோப்புக் கறை போகக் கழுவி, நன்கு காய விடுங்கள். ஈரத்தின் மேல் சிலிகான் பிடிக்காது.

2. இடைவெளியின் இருபுறமும் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டுங்கள்.

3. குழாயின் மூக்கைச் சாய்வாக, இடைவெளியின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள்.

4. ‘கன்’னை ஒரே சீராக அழுத்தி, நடுவில் நிறுத்தாமல் ஒரு கோடு இழுங்கள். உடனே, கையுறை அணிந்த விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே இழுப்பில் தடவுங்கள். மறுபடி மறுபடி தடவினால் சொரசொரப்பாகும்.

5. சிலிகான் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். காய்ந்தபின் உரித்தால் ஓரம் பிய்ந்துவரும்.

சுமார் 10 நிமிடத்திலேயே பால் ஆடை போல மேலே படியத் தொடங்கும். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம் படியலாம். அதனால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டே அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஒரே குளியலறை உள்ளவர்கள், குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும் நாளில் பூசிவிட்டுப் போகலாம். ஐப்பசி மழைக்கு முன் முடிப்பது நல்லது.

கையுறையைத் தவிர்க்காதீர்கள். தோலில் காய்ந்த சிலிகான் தண்ணீரைத் தடுக்கும்; ஒளுச் செய்யும்போது அதன் அடியில் நீர் சேராது. கையில் பட்டால், காயும் முன்பே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

திறந்த குழாய் நாளடைவில் உள்ளேயே இறுகிவிடும். எனவே மிஞ்சியதை வைத்திருக்காமல், அன்றைக்கே பக்கத்து வீட்டு சிங்க்கையும் அடைத்துக் கொடுங்கள்.