வாக்களியாதார் அளித்த வாக்குகள்

ஜெருசலேமிலிருந்து மேற்கே, யூதேயக் குன்றுகள் கடற்கரைச் சமவெளியை நோக்கித் தாழ்ந்து இறங்கும் அடிவாரத்தில், பெய்த் ஷெமேஷ் என்றொரு நகரம் இருக்கிறது. விவிலியம் படித்தவர்கள் அதைப் பெத்ஷிமேஸ் என்று அறிவார்கள். பெலிஸ்தர் தாம் கவர்ந்து சென்ற உடன்படிக்கைப் பெட்டியால் தமக்கு நேர்ந்த வாதைகளைத் தாங்கமாட்டாமல், இரண்டு பசுக்கள் பூட்டிய புது வண்டியில் அதை ஏற்றித் திருப்பி அனுப்பியபோது, ஓட்டுவாரின்றி அந்த வண்டி வந்து நின்ற வயல் இந்த ஊர் வயல்தான் என்று சாமுவேல் ஆகமம் சொல்லுகிறது. கோதுமை அறுத்துக்கொண்டிருந்த ஜனங்கள் பெட்டியைக் கண்டு ஆனந்தித்தார்கள் என்பதும், அதற்குள் எட்டிப் பார்த்தவர்கள் மாண்டார்கள் என்பதும் ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் வேறொரு வகைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும்படி ஜனங்கள் நீதிமன்றத்தை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. இம்முறை உயிர்ச்சேதம் இல்லை. ஒரு தேர்தல் மட்டுமே மாண்டது.

இன்றைய நகரம் அந்தப் புராதன ஊரின் தொடர்ச்சி அன்று. புதிதாய்ப் பிறந்த யூத நாட்டிற்குள் வந்து குவிந்தவர்களைத் தங்கவைப்பதற்காக, 1950ஆம் ஆண்டில் கூடாரங்களும் கொட்டகைகளுமாக அமைந்த முகாமிலிருந்து அது வளர்ந்தது. பல்கேரியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும், பின்னர் ஈரான், ஈராக், மொராக்கோ ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தவர்களே அதன் ஆதிக்குடிகள். ஓய்வுநாளில் மதுவுக்கு ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் பிறகு கால்பந்தாட்டம் பார்க்கப் போகும் இயல்பினராகிய இவர்களுக்கு, வைதிகம் என்றும் லௌகிகம் என்றும் வாழ்க்கையை இரண்டாகப் பகுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஏற்பட்டதே இல்லை. 1990களில் அரசு அந்நகரத்தின் தெற்கே ரமாத் பெய்த் ஷெமேஷ் என்ற புறநகரைக் கட்ட முற்பட்டபோதுதான் அதன் சுபாவம் மாறத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து, ஆசாரமும் நவீனக் கல்வியும் ஒருங்கே உடைய குடும்பங்கள் வந்தன. ஜெருசலேமில் வீடு கிடைக்காமலும் கிடைத்தால் விலை கொடுக்க முடியாமலும் தவித்த ஹரேதிகள் வந்தார்கள். கறுப்புத் தொப்பியும் கறுப்பு அங்கியும் தரித்து, வேதம் ஓதுவதே ஆடவனின் முதற்கடமை என்று கொண்டு, நிறையப் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் இந்த அதிதீவிர வைதிகர்களுக்குள்ளும் சாகைகள் பல. அரசோடு ஒத்துப்போய்ப் பாராளுமன்றத்தில் அங்கம் வகிப்போர் உண்டு. மேசியா தோன்றுவதற்கு முன் யூத அரசு அமைத்ததே தெய்வத் துரோகம் என்று கருதி, அந்த அரசின் தேர்தலில் வாக்களிப்பதையும் அதன் பணத்தை வாங்குவதையும் பாவமாக எண்ணும் ஏதா ஹரேதீத் போன்ற சபையினரும் உண்டு. இந்தக் கடைசிக் கூட்டத்தாரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தேர்தலைப் பகிஷ்கரித்த அவர்களே தேர்தல் கதையில் முக்கிய பாத்திரம் ஏற்கப் போகிறார்கள்.

வெளியூர்ப் பத்திரிகைகள் பெய்த் ஷெமேஷின் பூசலை மதத்திற்கும் மதச்சார்பின்மைக்கும் நடக்கும் யுத்தம் என்று எழுதிப் பழகிவிட்டன. அந்தச் சித்திரத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. 2011 செப்டம்பரில், ஹரேதிக் குடியிருப்பை ஒட்டி ஒரோத் என்ற பெண்கள் பள்ளி திறக்கப்பட்டபோது, வாசலில் நின்று ஏசியவர்களும் எச்சில் உமிழ்ந்தவர்களும் அதிதீவிர வைதிகர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஏச்சு வாங்கிய சிறுமிகளும், நீண்ட பாவாடையும் முழங்கை மறைக்கும் சட்டையும் அணிந்து, காலையில் பிரார்த்தனை சொல்லிவிட்டுப் பாடம் கற்கச் சென்ற, ஆசார சீலமுள்ள வீட்டுப் பிள்ளைகளே. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிக்குப் போகவே அஞ்சுவதை அந்த டிசம்பரில் தொலைக்காட்சியில் கண்ட தேசம் கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் அவ்வூரில் திரண்டார்கள். பெண்கள் இன்ன உடை உடுத்தித்தான் இத்தெருவில் வரவேண்டும், தொழுகைக்கூடத்தின் எதிரே நிற்காமல் மறுபுறம் போகவேண்டும் என்ற அறிவிப்புப் பலகைகள் அங்கே நெடுநாள் தொங்கின. அவற்றை அகற்றாததற்காக நகரசபைமேல் வழக்குத் தொடுத்து, 2015இல் நஷ்டஈடு பெற்ற பெண்களும் தெய்வபக்தி உடையவர்களே. ஆகையால் அங்கே விவகாரம் கடவுள் உண்டா இல்லையா என்பதன்று. தெரு யாருடையது என்பதே விவகாரம். நாஸ்திகனைக் கண்டு பரிதாபப்படும் வைராக்கியசாலி, தன்னைவிடச் சற்றே இளகிய ஆஸ்திகனைக் கண்டால்தான் பதறுகிறான். இது பெய்த் ஷெமேஷுக்கு மட்டும் உரிய குணமும் அன்று.

இந்த நிலையில் 2013 அக்டோபர் 22ஆம் தேதி நகரசபைத் தேர்தல் வந்தது. இஸ்ரேலில் மேயரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயருக்கு ஒரு சீட்டும் சபைக் கட்சிக்கு ஒரு சீட்டுமாக, இரண்டை உறையிலிட்டுப் பெட்டியில் போடவேண்டும். 2008 முதல் பதவியில் இருந்த, ஹரேதிக் கட்சியாகிய ஷாஸைச் சேர்ந்த மோஷே அபூத்பூல் ஒரு பக்கம்; ஹரேதிகள் அல்லாத பல கட்சியினரும், ஆசாரமுள்ள தேசியவாதிகளும், பழைய குடிகளில் பலரும் ஆதரித்த எலி கோஹென் மறுபக்கம். தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்பு, அக்டோபர் 7ஆம் தேதி, ஷாஸ் கட்சியின் ஞானகுருவாகிய ஓவாதியா யோசெஃப் காலமானார். அந்நாட்டு வரலாற்றிலேயே அத்தனை பெரிய சவ ஊர்வலம் நடந்ததில்லை என்றார்கள். குருவின் மரணத்தால் பொங்கிய பக்தி அக்கட்சியின் பிரசாரத்திற்குப் பயன்படாமலிருக்க முடியுமா? இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: வாக்குப் பெறுவதற்காக ஆசீர்வாதம் செய்வதாகச் சொல்லுவது, சாபமிடுவது, ரக்ஷை கொடுப்பது ஆகியவற்றை இஸ்ரேலியத் தேர்தல் சட்டம் குற்றம் என்று வகுத்திருக்கிறது. லஞ்சமாகப் பணம் கொடுப்பவனைத் தண்டிக்கும் சட்டங்கள் உலகெங்கும் உண்டு. வரம் கொடுப்பவனையும் அவன் வரிசையிலேயே நிறுத்தும் சட்டத்தை இயற்றியவர்கள் தங்கள் ஜனங்களை நன்றாக அறிந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

வாக்குகளை எண்ணியபோது அபூத்பூல் 956 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். ஆனால் வாக்குப்பதிவு நாளன்றே போலீசார் ஒரு வீட்டிலும் ஒரு காரிலும் சோதனை செய்து, சுமார் இருநூறு அடையாளச் சீட்டுகளையும், வேஷம் மாற்றிக்கொள்ள உதவும் உடைகளையும் தொப்பிகளையும் கைப்பற்றியிருந்தார்கள். மோசடியின் யுக்தி எளியது. அரசை அங்கீகரியாதவனுக்கும் அரசு கொடுத்த அடையாளச் சீட்டு உண்டு. வாக்காளர் பட்டியல் ஜனத்தொகைப் பதிவேட்டிலிருந்தே தயாராவதால், அவன் கேளாமலே அவன் பெயர் அதில் ஏறிவிடுகிறது. அவனோ வாக்களிக்கப் போவதில்லை என்று விரதம் பூண்டவன். அவனிடமிருந்து சீட்டைக் கடனாகவோ கிரயத்திற்கோ வாங்கிக்கொண்டு, அவன் உடையையும் தாடியையும் ஒத்த ஒருவன் சாவடிக்குள் நுழைந்தால், பழுப்பேறிய புகைப்படத்தைப் பார்த்து ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிப்பது அங்கே அமர்ந்திருப்பவருக்குச் சுலபமன்று. விரலில் மை வைக்கும் வழக்கம் அந்நாட்டில் இல்லை. ஒருவனே தொப்பியை மாற்றிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்கலாம். நம்மவர் கள்ள ஓட்டு என்று சொல்லும் இந்தக் கலை எந்த நாட்டிலும் புதிதன்று. புதிது என்னவென்றால், தன் கையால் வாக்களித்தால் பாவம் என்று ஒதுங்கியவனின் பெயரில் வாக்கு விழுந்ததும், ஒதுங்கியவர்களின் வைராக்கியமே மோசடிக்காரனுக்குப் பண்டசாலையாக அமைந்ததும்தான். எல்லோரும் வாக்களிக்கும் ஊரில் இவ்வளவு சீட்டுகளைச் சேர்ப்பது கடினம்.

இவ்விஷயத்தில் அபூத்பூலின் மீது குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. அவருடைய ஆதரவாளர்களில் சிலர்மீதே வழக்குகள் தொடரப்பட்டன. மறு தேர்தல் வேண்டுமென்று ஒரு வாரத்திற்குள் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். ஊரையே இரண்டாகப் பிரித்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. கேட்பதற்கு இது நியாயமாகத் தோன்றினாலும், ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் குடும்பங்களுக்கிடையே எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்று சொல்ல எவராலும் இயலவில்லை.

அட்டர்னி ஜெனரலாக இருந்த யெஹூதா வைன்ஸ்டைனும் தேர்தலை ரத்துச் செய்யும்படி கோரினார். நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி வெறும் கணக்காகத் தோன்றினாலும் அடிப்படையில் தத்துவக் கேள்வியே. அகப்பட்ட சீட்டுகள் இருநூறு, வித்தியாசமோ 956. இருநூறையும் கழித்தாலும் வென்றவர் வென்றவராகத்தானே இருக்கிறார் என்று ஒரு தரப்பார் வாதித்தார்கள். அகப்பட்டது இருநூறு என்பதனால் நடந்ததும் இருநூறு என்று ஆகிவிடுமா என்று மற்றத் தரப்பார் கேட்டார்கள். 2013 டிசம்பர் 26ஆம் தேதி ஜெருசலேம் மாவட்ட நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்துச் செய்தது. மறு மாதமே உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. இது தற்செயலாக நேர்ந்த சில பிழைகளின் தொகுதியன்று, திட்டமிட்டு நடத்திய காரியம் என்று கண்டபின், பெட்டியில் கிடக்கும் எண்ணை நம்பச்சொல்லுவதற்கு நீதிமன்றத்திற்கு மனம் வரவில்லை. என் அபிப்பிராயத்தில் அத்தீர்ப்பின் சிறப்பு, ரத்துச் செய்ததைவிட, செய்யாமல் விட்டதில் இருக்கிறது. தோற்றவருக்கு அது பதவியைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கேள்வியை ஊராரிடமே திருப்பி அனுப்பியது. ஹரேதிப் பத்திரிகைகளுக்கு இதுவும் லௌகிக நீதிபதிகளின் விரோதமாகவே பட்டது.

மறு வாக்குப்பதிவு 2014 மார்ச் 11ஆம் தேதி நடந்தது. அதைவிடக் கொதிப்பான வாரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. வேதபாடசாலை மாணவர்களையும் ராணுவத்தில் சேர்ப்பதற்கான மசோதாவை எதிர்த்து, மார்ச் 2ஆம் தேதி லட்சக்கணக்கான ஹரேதிகள் ஜெருசலேமில் கூடிப் பிரார்த்தித்திருந்தார்கள். மார்ச் 12ஆம் தேதி பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. இரண்டு தேதிகளுக்கும் நடுவே அகப்பட்ட பெய்த் ஷெமேஷில், குப்பை அள்ளுவதும் குழாய் நீரும் யார் பேச்சிலும் வரவில்லை. யூத தர்மத்தின் எதிர்காலமே அந்த மேயர் நாற்காலியில் தொங்குவதாக இரு தரப்பாரும் நம்பினார்கள். அதே நாளில் நாசரேத்திலும் மறு தேர்தல். அரபியர் வாழும் அந்நகரில், 1994 முதல் மேயராக இருந்த கிறிஸ்தவரும் இடதுசாரியுமான ராமிஸ் ஜராய்ஸியும், அவரிடமே துணை மேயராகப் பணியாற்றிய முஸ்லிமாகிய அலி சலாமும் மோதியிருந்தார்கள். முதல் எண்ணிக்கையில் சலாம் 22 வாக்கிலும், பின்னர் எண்ணியதில் ஜராய்ஸி 9 வாக்கிலும் முந்தியதாக அறிவித்ததால் அங்கும் வழக்கு வந்தது. மறு தேர்தலில் சலாம் பெருவாரியாக வென்று சந்தேகத்திற்கே இடமில்லாமல் செய்துவிட்டார்.

பெய்த் ஷெமேஷுக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. அபூத்பூலே மறுபடியும் வென்றார், வித்தியாசம் 758. முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் 198 வருகிறது. போலீசார் கைப்பற்றிய சீட்டுகளின் எண்ணிக்கையோடு இது ஒத்திருப்பதைக் கண்டு புன்னகை செய்தவர்கள் இருந்திருக்கலாம். வாக்களித்தோர் தொகையே மாறிவிட்டபடியால் அதைத் தற்செயல் என்று விடுவதுதான் முறை. வீணாக ஏன் இத்தனை செலவு என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் கேள்வியை நான் ஒப்பவில்லை. அக்டோபரில் தோற்றவர்கள் தாம் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள். மார்ச்சில் தோற்றவர்கள் தாம் சிறுபான்மை என்று அறிந்தார்கள். இரண்டாவது அறிவு கசப்பானதுதான். என்றாலும் அதோடு ஒருவன் வீட்டை விற்றுவிட்டுப் போகவும் செய்யலாம், இருந்து அடுத்த தேர்தலுக்கு உழைக்கவும் செய்யலாம். முதலாவதோடு ஒன்றும் செய்ய முடியாது. அபூத்பூலின் வெற்றி பூசலைத் தணிக்கவுமில்லை. அதே ஆண்டில், லௌகிகப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியின் வகுப்பறைகளில் ஒரு பகுதியை ஹரேதிப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கி, நடுவே நகரசபை சுவர் எழுப்பியதும், கல்வி அமைச்சகம் ஆட்சேபித்ததும் பெருங்கலகமாயின.

2018இல் நடந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. தலையை மூடி நடக்கும் ஆசாரமுள்ள பெண்மணி, கணித ஆசிரியை, அவ்வூரிலேயே உயர்நிலைப் பள்ளித் தலைவியாக இருந்தவர், அலிஸா ப்ளோக், அபூத்பூலை 533 வாக்குகளில் வென்றார். கடைசியாக எண்ணும் ராணுவ வீரர்களின் இரட்டை உறைகளைத் திறந்த பிறகே அம்முடிவு உறுதியாயிற்று. ஹரேதிகளின் தொகை ஊரில் வளர்ந்துகொண்டே இருந்த காலத்தில் இவ்வெற்றி வந்ததாகையால், அவர்களில் சிலராவது, குருமார் சொல்லை மீறி, திரைக்குப் பின்னால் வேறு சீட்டை எடுத்திருக்க வேண்டும். வைதிகர்களை ஒரே திரளாக எண்ணி அஞ்சியவர்களும் நம்பியவர்களும் ஒருங்கே ஏமாந்துபோனார்கள்.

காஸா யுத்தத்தால் ஒத்திவைக்கப்பட்டு 2024 பிப்ரவரி 27இல் அடுத்த தேர்தல் வந்தபோது, ஜனத்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய அந்நகரில் மூவர் போட்டியிட்டார்கள்: ப்ளோக், அபூத்பூல், இன்னொரு ஹரேதிக் கட்சியாகிய தெகெல் ஹதோராவின் ஷ்முவேல் கிரீன்பெர்க். நூற்றுக்கு நாற்பது வாக்கு ஒருவருக்கும் கிடைக்காததால் மார்ச்சில் இரண்டாம் சுற்று நடந்தது. அபூத்பூல் முதற்சுற்றோடு நின்றுவிட, ப்ளோக்கை வென்று கிரீன்பெர்க் மேயரானார். ஷாஸ் கட்சியாரும் தெகெல் ஹதோராவினரும் ஆளுக்கொரு வேட்பாளரை நிறுத்தித் தமக்குள் போட்டியிட்டபோதும் மேயர் பதவி கைநழுவவில்லை என்றால், பத்தாண்டுகளுக்கு முன் சில நூறு வாக்குகளில் தொங்கிய ஊரில் இடையே எத்தனை வீடுகள் எழும்பின, அவற்றில் யார் குடிபுகுந்தார்கள் என்பதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.